மூக்குதான் கடைசி மீட்டர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் இவர் சக்களத்தி வீட்டிலிருந்து வர இருட்டிவிட்டது. சட்டையெல்லாம் கிரீஸ். "சோப்பு எங்க?" என்று கேட்டார். "ஏன், அவகிட்ட இல்லையாமா?" என்றேன். சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார்.

சக்களத்தி என்று நான் சொல்வது படகை. முப்பது வயது தாண்டிய பாய்மரப் படகு. லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கினார். பெயர்தான் பாய்மரம். படகுத்துறையை விட்டு நகரவும், காற்று ஏமாற்றும் நாளில் வீடு திரும்பவும் எஞ்சின் வேண்டும். உள்ளறைக்கு இறங்கும் படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி, அதற்குள் எஞ்சின். பழைய பெட்ரோல் எஞ்சின். ஆவி கசிந்து பெட்டிக்குள் தங்கிவிட்டால் ஒரு பொறி போதும், படகும் இருக்காது, நாங்களும் இருக்கமாட்டோம். அதனால் சாவியைத் திருப்பும் முன் பெட்டியில் இருக்கும் சின்ன ஃபேனை ஓடவிடுவார். உள்ளே இருப்பதை அது குழாய் வழியாக வெளியே தள்ளும். பிறகு மூடியைத் திறந்து, தலையை நீட்டி, முகர்ந்து பார்ப்பார். "ஃபேன் பொய் சொல்லும். மூக்குதான் கடைசி மீட்டர்" என்பார். படகில் ஏறும் எவரும் இந்த வசனத்துக்குத் தப்பியதில்லை.

மகள் போன் செய்தாள். முப்பதாம் தேதி ஞாயிறு படகில் போக, மாப்பிள்ளையும் குழந்தையுமாக முதல் நாளே வருகிறார்கள். குழந்தைக்கு இரண்டரை வயது. "தாத்தா படகு, தாத்தா படகு" என்று ஒரே அமர்க்களமாம். அதைக் கேட்டதிலிருந்து இவருக்கும் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 6, வியாழன்

நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி துடைக்க ஒரு ஸ்பிரிட் வைத்திருப்போம். ஒரு சின்ன பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன், வீட்டுக் கண்ணாடிகளைத் துடைக்கலாம் என்று. மூடி சரியில்லை. பை முழுக்கக் கொட்டி, பர்ஸ், சீப்பு, டிபன் டப்பா எல்லாம் நாசம். நெடி என்றால் அப்படியொரு நெடி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் எழுந்தே போய்விட்டாள். மாடிப்படியில் எதிர்வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரியா?" என்றாள்.

இவர் சோபாவில் இருந்தார். அவர் காலடியில்தான் பையைப் போட்டேன். "லேட்டாயிடுச்சா?" என்றார். பேப்பரைப் புரட்டினார். அவ்வளவுதான்.

மூக்கே இல்லாதவர் மாதிரி!

இதை எழுதிவிட்டு ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

சளியாக இருக்கும். ஆனால் ஒரு தும்மல்கூட இல்லையே.

மார்ச் 8, சனி

செய்யக்கூடாததைச் செய்தேன். செய்யாமலும் இருக்க முடியவில்லை.

சமையல் பானையில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். உப்புகூடப் போடவில்லை. மூடியைப் போட்டு வைத்துவிட்டு, "என்னங்க, இங்க வாங்களேன், இது சரியா வந்திருக்கா பாருங்க" என்று கூப்பிட்டேன். வந்தார். நான் மூடியைக் கொஞ்சமாகத் தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. கண்ணை மூடி நன்றாக இழுத்தார்.

"ஆஹா! கமகமன்னு இருக்கு. இன்னைக்கு ஒரு பிடி பிடிக்கணும்."

சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு வரவில்லை. மூடியைப் போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். பிறகு அந்தத் தண்ணீரிலேயே அவசரமாகக் காய்கறியை நறுக்கிப் போட்டு ஏதோ ஒரு சூப் செய்தேன். அதையும் "பிரமாதம்" என்றார். மிளகுத்தூள் டப்பாவைக் கவிழ்த்துக் கவிழ்த்துச் சாப்பிட்டார். எப்போதிருந்து இவ்வளவு மிளகு போட்டுக்கொள்கிறார்? ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் எதைத்தான் பார்த்தேன்?

இந்த மனிதர் வேலையில் இருந்த காலத்தில், கட்டடத்துக்குள் காலை வைத்ததும் "மேல மோட்டார்ல சுருள் கருகுது" என்று வாசலிலேயே சொல்வாராம். கூட வேலை செய்தவர்கள் இப்போது பார்த்தாலும் அதைத்தான் பேசுவார்கள். அந்த மூக்கு.

மார்ச் 9, ஞாயிறு

நேராகக் கேட்டுவிட்டால் என்ன? கேட்டால் கத்துவார். "எனக்கு ஒண்ணுமில்ல, உனக்குத்தான் சந்தேக புத்தி" என்பார். ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் அந்த வாயால் உண்மை வராது. இவரை எனக்குத் தெரியும்.

ஆனால் முப்பதாம் தேதி? குழந்தை?

அலமாரியில் மடித்த துணியையே திரும்ப எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். "என்ன, வேலை இல்லையா உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 11, செவ்வாய்

கடைக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். உரிமம் புதுப்பிக்கக் கண் சோதனை. எழுத்து அட்டையின் கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தார். அவர் சொன்ன வேகத்திலேயே மனப்பாடம் என்று தெரிந்துவிட்டது. இருபது வருஷமாக இதைத்தானே பார்க்கிறேன். அட்டையைத் திருப்பி மறுபக்கத்தை மாட்டினேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். முகம் சிவந்து போய், "வெளிச்சம் சரியில்லைமா" என்றார்.

மற்ற நாளாக இருந்தால் நான் கறாராகத்தான் பேசுவேன். இன்று அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். கண்ணாடி போட்டால் எல்லா வரியும் படிக்கலாம் என்றேன். கண்ணுக்குக் கண்ணாடி இருக்கிறது. மூக்குக்கு?

மார்ச் 13, வியாழன்

சனிக்கிழமை நானும் படகுக்கு வருகிறேன் என்று சொன்னேன். "அதிசயமா இருக்கே, மழை பெய்யப் போகுது" என்றார்.

மார்ச் 15, சனி

சாயங்காலம். மனசு இன்னும் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதினாலாவது அடங்குகிறதா பார்க்கிறேன்.

இவர் ஃபேனைப் போட்டார். உர்ர் என்று ஓடியது. நான் பின்பக்கம் போய், குழாயின் வெளிவாயில் கண்ணாடி துடைக்கும் மெல்லிய தாளைப் பிடித்தேன். படபடவென்று அடித்துக்கொண்டது. "காத்து வருதா? வராம எங்க போகும்!" என்று உள்ளிருந்து குரல். அப்பாடா என்றிருந்தது. பிறகு மூடியைத் திறந்து, வழக்கம்போலத் தலையை நீட்டி ஒரு பெரிய மூச்சு இழுத்து, "சுத்தம்" என்றார். நானும் அவர் தோளுக்கு மேலிருந்து முகர்ந்தேன். உண்மையிலேயே ஒன்றும் இல்லை. பாவம், மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்றுகூட நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, தலையில் ஏற்றி வைத்திருந்த என் கண்ணாடி நழுவிப் பெட்டிக்குள் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். எஞ்சினுக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் கையை விட்டு, தலையையும் விட்டு, அடிவரைக்கும் —

மூச்சு நின்றுவிட்டது. பெட்ரோல்! பெட்ரோல் பங்கில் நிற்பது மாதிரி.

"என்னங்க, பெட்ரோல் வாடை அடிக்குது!"

"எங்க?"

"இங்க, அடியில!"

"பழைய எஞ்சின்னா அப்படித்தான் இருக்கும்." குனிந்துகூடப் பார்க்கவில்லை. சாவியோடு சுவிட்ச் பலகைப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

என்ன செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை. பாய்ந்து சாவியைப் பிடுங்கினேன். இத்தனை வருஷத்தில் இவர் கையிலிருந்து நான் எதையும் பிடுங்கியதில்லை. "உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினார். ஆமாம் பைத்தியம்தான் என்று கத்திக்கொண்டே படியேறி, படகைத் தாண்டி, துறையின் நடைபாலத்தில் போய் நின்றேன். கண்ணாடி போனதுகூட நினைவில்லை. துறையே வேடிக்கை பார்த்திருக்கும்.

பக்கத்துப் படகில், ஃபியூஸ் என்று எல்லோரும் கூப்பிடுகிறவள் வேலை செய்துகொண்டிருந்தாள். துறையில் வயரிங் பார்க்கும் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். எந்தப் படகில் ஏறினாலும் "ஃபியூஸ் எங்க?" என்பதுதான் முதல் கேள்வி, அதனால் அந்தப் பெயர். கூலியில் கறார், வாய் அதைவிடக் கறார். நான் கத்தியதைக் கேட்டு வந்தாள். படியில் மண்டியிட்டுத் தலையைக் கவிழ்த்தவள் உடனே நிமிர்ந்துவிட்டாள்.

"சார், எந்த சுவிட்சையும் தொடாதீங்க. இருக்கற மூடி எல்லாத்தையும் திறந்து வெச்சுட்டு இறங்குங்க. பேச்சு அப்புறம்."

மத்தியானம் வரை படகு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. நாங்கள் மூவரும் நடைபாலத்தில் உட்கார்ந்து டீ குடித்தோம்.  பிறகு ஃபியூஸ் உள்ளே போய், மேற்பலகையில் ஒரு இடத்தைக் காட்டிக் கேட்டாள்:

"இந்த ஃபேன் குழாயை யார் இப்படி மேல தூக்கிக் கட்டினது?"

"நான்தான். கீழ தொங்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. மழைக்காலத்துல சும்மாதானே இருந்தேன், எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணினேன்."

ஒழுங்கு என்றால் சாதாரண ஒழுங்கு இல்லை. வயரும் குழாயும் ஒன்றுக்கொன்று ஒட்டி, வரிசையாக, கொஞ்சம் தள்ளிக் கொஞ்சம் தள்ளி பிளாஸ்டிக் நாடா போட்டு, லிஃப்ட் அறையில் கட்டுவது போலவே கட்டியிருந்தார். குழாயின் வாயும் அந்த வரிசையில் மேலே போய்விட்டது.

"அது தொங்கத்தான் சார் வேணும்! பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம், அடியில போய்ப் படுத்துக்கும். நீங்க மேல இருக்கற நல்ல காத்தை நாள் முழுக்க வெளிய தள்ளிட்டு இருக்கீங்க."

டாங்கிலிருந்து எஞ்சினுக்கு வரும் ரப்பர் குழாயில் வெடிப்பு. மழையில் சும்மா கிடந்தபோது விட்டிருக்கும் என்றாள். சொட்டுச் சொட்டாக அடியில் தேங்கியிருந்தது. ஒரு பழந்துணியில் ஒற்றி எடுத்து வெளியே காட்டினாள். எனக்கு நின்ற இடத்திலேயே நெடி ஏறியது.

"இவ்வளவு வாடை. குனிஞ்சு பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. தெரியலையா சார்?"

 இவர் துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவருக்கு ரெண்டு நாளா சளிம்மா" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்லும்போதுதான், எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.  கிளம்பும் முன் என் கண்ணாடியைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து, துடைத்து, கையில் கொடுத்தார்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"வெந்நீர்."

"என்ன வெந்நீர்?"

சொன்னேன். முதலில் சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க. சிரிப்பு நின்றபோது கண் கலங்கியிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போன வருஷம் அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுலயே போச்சு. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்தேன். டாக்டர்கிட்டயும் போனேன். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்னாரு."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன? நான் என்ன ஊரா?"

"சொன்னா படகை விடுன்னு சொல்லுவே."

சொல்லியிருப்பேன்தான்.  குழாயில் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அவரே எழுந்து அதை மூடினார்.

"போன தடவை குழந்தை வந்துச்சுல்ல. தூக்கி வெச்சு உச்சந்தலையில மூக்கை வெச்சேன். ஒண்ணுமே இல்ல. ஒரு பொம்மையைத் தூக்கி வெச்சிருக்கற மாதிரி இருந்துச்சு."

அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது. "அந்தக் குழந்தையைத்தானே அந்தப் பெட்டி மேல உட்கார வைக்கப் பாத்தீங்க! அதுக்கு ஏதாவது ஆயிருந்தா நம்ம பொண்ணு மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். இல்லை, கேட்கத்தான் வேண்டும். தெரியவில்லை.



மார்ச் 18, செவ்வாய்

கடை முடிந்து துறைக்குப் போனேன். ஃபியூஸ் எஞ்சின் பெட்டி முழுக்கச் சோதித்தாள். பேட்டரி வயர் நுனி தளர்ந்திருந்தது, அதை முறுக்கினாள். அதோடு விட்டாளா? எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தட்டி, "இது எங்க வாங்கினது?" என்று கேட்டாள்.

"கார் சாமான் கடையில. அளவு ஒண்ணு, போல்ட் ஒண்ணு, அச்சு அசல் அதேதான்" என்றார் இவர். கொஞ்சம் பெருமையாகவே.

"படகுக்கு வர்றது உள்ள பொறி வந்தாலும் வெளிய விடாது சார், மூடி இருக்கும். காருக்கு அது தேவையில்ல, அடியில காத்துதானே. இது ஒவ்வொரு தடவையும் பொறி விடும். ஆவியையும் பொறியையும் நீங்களே ஒரே பெட்டிக்குள்ள குடி வெச்சிருக்கீங்க."

இவர் முகத்தில் ரத்தமே இல்லை. வயரோடே வாழ்ந்த மனிதர். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார். பக்கத்தில் போய் நின்றேன். தோளில் கை வைக்கலாமா என்று பார்த்தேன், வைக்கவில்லை.

அன்றைக்கு அந்தச் சாவி என் கைக்கு வராமல் இருந்திருந்தால் — வேண்டாம்.  காலையிலும் இதே நினைப்பில் கடையில் ஒருவர் கண்ணாடியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

ராத்திரி மூன்று தடவை எழுந்துபோய் கேஸ் அடுப்புக் குமிழைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

"வித்துடலாம்" என்றார், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. "எவனாவது நல்ல மூக்கு உள்ளவனா பாத்து."

நான் எத்தனை நாள் எதிர்பார்த்த வார்த்தை! சக்களத்தி தொலைந்தாள் என்று துள்ளிக் குதிக்க வேண்டாமா? சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். படகு போய்விட்டால் இவர் காலையில் எழுந்து எங்கே போவார்? சோபாவில் உட்கார்ந்து பேப்பரைப் புரட்டிக்கொண்டு, வாசமில்லாத வீட்டில்...

"அவளை விக்கறதுக்கு நீங்க யாரு? எனக்கும்தான் அவ சக்களத்தி" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். பேச்சு அதோடு நின்றது. விற்பதாகவும் இல்லை, வைத்துக்கொள்வதாகவும் இல்லை.

மார்ச் 24, திங்கள்

ஸ்டார்ட்டர் வந்துவிட்டது, படகுக்கான அசல். புது ரப்பர் குழாயும் போட்டாயிற்று. கூடவே ஆவி இருந்தால் அலறும் ஒரு கருவியும் வாங்கினோம். எஞ்சின் அடியில், தண்ணீர் படாத உயரத்தில் ஃபியூஸ் பொருத்தினாள். "பெட்டிக்கே மூக்கு வாங்கிக் குடுத்தாச்சு" என்றாள். இவர் உம்மென்று நின்றார்.

"அது கெட்டுப் போனா?"

"அதுக்குத்தான் சார் முகர்ந்தும் பாக்கணும்" என்றாள். அவளுக்கு இன்னும் சளிக் கதைதான் தெரியும்.

மார்ச் 26, புதன்

கடை முடிந்து துறைக்கே போனேன். இவர் எஞ்சின் பெட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தான் கட்டிய நாடாவை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார். ஃபேன் குழாயை இறக்கி, வாய் அடிப்பலகைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்படி விட்டார். கொஞ்சம் கோணலாகத்தான் தொங்கியது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார், கை பரபரத்தது. ஆனால் தொடவில்லை.

"அசிங்கமா இருக்குல்ல?" என்றார்.

"ரொம்ப" என்றேன்.

மார்ச் 29, சனி

ராத்திரிக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். மகளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். சொல்வாரா? நாளைக்கு மூடியைத் திறந்து பழைய மாதிரியே மூச்சு இழுத்து "சுத்தம்" என்று சொல்லிவிட்டால், எல்லார் முன்னாலும் நான் என்ன செய்வேன்? பெட்ஷீட்டை மாற்றினேன். திரும்ப மாற்றினேன்.

மார்ச் 30, ஞாயிறு

எஞ்சின் ஓடும்வரை யாரும் ஏறக்கூடாது என்று இவரே சொல்லி, எல்லோரையும் நடைபாலத்தில் நிறுத்தினார். குழந்தை ஆரஞ்சு மிதவைச் சட்டையில் பந்து மாதிரி நின்றாள். நான் மட்டும் கூட ஏறினேன். ஃபேன் ஓடியது. கருவியில் பச்சை விளக்கு. மூடியைத் திறந்தார்.

மாப்பிள்ளை அங்கிருந்தே குரல் கொடுத்தார், "என்ன மாமா, மூக்குதான் கடைசி மீட்டர், இல்லையா?"

நல்ல மனசோடுதான் கேட்டார்.  இவர் மூடியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆமா மாப்பிள்ளை. ஆனா என் மீட்டர் போயிடுச்சு. எனக்கு இப்ப எந்த வாசனையும் தெரியாது. உங்க அத்தைதான் பாக்கணும்."

"என்னப்பா சொல்றீங்க?" மகளுக்குக் குரலே மாறிவிட்டது.

"எல்லாம் அப்புறம் சொல்றேன்மா." என் பக்கம் திரும்பி, நகர்ந்து இடம் விட்டார். "நீ பாரு."

மண்டியிட்டேன். கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, தலையை அடிவரை விட்டேன். எண்ணெய், இரும்பு, பழைய ஈரம். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

"இல்ல."

"அடியில?"

"அடியிலதாங்க சொல்றேன்."

அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்பினார்.

வெளியே போய் எஞ்சினை நிறுத்திப் பாயை ஏற்றியதும் சத்தமெல்லாம் அடங்கியது. மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள், கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் திட்டினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். குழந்தை ஆடிய ஆட்டத்துக்கு அவர் மடியிலேயே தூங்கிப்போனாள். பழக்க தோஷம், குனிந்து அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்தார். அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சொல்லு" என்றார்.

நான் நகர்ந்து போய்க் குனிந்தேன். "பிஸ்கட். வேர்வை. கொஞ்சம் சோப்பு."

"என்ன சோப்பு?"

"நம்ம வீட்டு சோப்புதான். காலையில நான்தானே குளிப்பாட்டினேன்."

கண்ணை மூடிக்கொண்டார்.

"அது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார்.